இரண்டாம் பெயர்

திரைப்படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஊன்றிப் படிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. நடிகர்களின் பெயர்கள் முடிந்ததும் இருக்கையில் சாய்ந்துகொள்வோம். ஆயினும் 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்த தமிழ்ப் படங்களில், நடிகர் பெயருக்குக் கிட்டும் கையொலி ஒரு வரிக்கும் கிட்டியது. 'இசை: விசுவநாதன் – இராமமூர்த்தி' என்பதே அவ்வரி. இரண்டு பெயர்கள், நடுவே ஒரு சிறு கோடு. அந்தச் சிறு கோட்டைப் பற்றியும், அதற்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் பெயரைப் பற்றியும் இங்கே சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கடற்கரைப் பகுதியில் வாழும் பழம்பாடல் இரசிகர்கள் சிலர் நாங்கள். துறைமுகத்தில் சுமை இறக்கியவர், இரயில்வேயில் ஓய்வு பெற்றவர், திருவொற்றியூர் லேத்துப் பட்டறையில் உழைத்தவர், பள்ளி ஆசிரியை, காசிமேட்டில் மீன் வணிகம் செய்பவர் எனப் பலதரப்பட்டவர்கள். மாதம் ஒருமுறை நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கூடிப் பாட்டுக் கேட்போம். கேட்டதைப் பற்றிப் பேசிக் கலைவோம். எங்களுக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, சந்தாவும் இல்லை. முறையாக இசை பயின்றவர் எங்களுள் ஒருவரோ இருவரோதான். ஏனையோர் செவி ஒன்றையே நம்பி வந்தவர்கள்.

அவ்விருவர் இணைந்த வரலாறு துயரத்தில் தொடங்குகின்றது. சி.ஆர். சுப்பராமன் என்ற இளம் இசையமைப்பாளர் 1952-ஆம் ஆண்டில், முப்பது வயதை எட்டும் முன்பே மறைந்தார். 'தேவதாஸ்' உள்ளிட்ட சில படங்களின் பணி பாதியில் நின்றது. அவருடைய குழுவில் இருந்த இருவர் அப்பணியை முடித்துக் கொடுத்தனர். ஒருவர் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலையில் தொடங்கி, ஆர்மோனியப் பெட்டியின் முன் வந்து அமர்ந்த எம்.எஸ். விசுவநாதன். மற்றவர் திருச்சிராப்பள்ளியில் 1922-இல் பிறந்த டி.கே. இராமமூர்த்தி, வயலின் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். ஒருவருக்கு வறுமை ஆசானாக இருந்தது. மற்றவருக்கு மரபு ஆசானாக இருந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற வேலையை முடிக்க வந்த இடத்தில் இவ்விரு வழிகளும் கலந்தன.

அதே 1952-இல் கலைவாணர் என்.எஸ். கிருட்டிணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவரும் முதன்முறையாக ஒரே பெயராக அறிமுகமாயினர். அந்நாளில் இந்தித் திரையுலகில் சங்கர் – ஜெய்கிஷன் இணை புகழ்பெற்று விளங்கியது. அதுபோலத் தமிழிலும் ஓர் இணை வேண்டும் என்று கலைவாணர் விரும்பினாராம். யார் பெயர் முன்னால் நிற்பது என்ற கேள்வி எழுந்தது. இராமமூர்த்தி ஆறு ஆண்டுகள் மூத்தவர். முறைப்படி அவர் பெயரே முன்னே வந்திருக்க வேண்டும். மூத்தவர் பின்னால் நின்றால்தான் இளையவர் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று சொல்லிக் கலைவாணர் வரிசையை மாற்றி வைத்தார் என்பது திரையுலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. மூத்தவரும் அதற்கு இசைந்தார். மதிப்பில் குறைந்ததனால் அவர் பெயர் இரண்டாம் இடத்திற்கு வரவில்லை. தாங்கிப் பிடிக்கும் பொறுப்பு அவருடையது என்பதனாலேயே அங்கே வந்தது. இதை மனத்தில் கொண்டால் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

பதின்மூன்று ஆண்டுகள் அந்த இணை நீடித்தது. 'பாகப்பிரிவினை' 1959-இல் வந்தது. 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' இரண்டும் 1961-இல் வந்தன. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-இல். 1964-ஆம் ஆண்டை மட்டும் எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகின்றது. 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை', 'படகோட்டி', 'சர்வர் சுந்தரம்' ஆகிய ஐந்தும் அந்த ஓராண்டின் அறுவடை. ஒன்றில் வடநாட்டு இசை மரபின் இராகங்கள். ஒன்றில் இளைஞர் கூட்டம் வேலை கேட்டு முழக்கமிடும் துள்ளல். ஒன்றில் குற்ற உணர்வால் அலைக்கழியும் மனிதனைச் சூழ்ந்து எழும் பெரிய வாத்தியக் குழுவின் பேரலை. ஒன்றில் மீனவர் வாழ்வு. இவ்வளவும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை என்று சொன்னால் புதியவர் எளிதில் நம்பமாட்டார். 1963-இல் திருவல்லிக்கேணியில் நடந்த பாராட்டு விழாவில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் கையால் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. பட்டமே பன்மையில் அமைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எவருடைய பங்கு எது? மெட்டு ஒருவருடையதா, வாத்தியக் கோவை மற்றவருடையதா? செவியைத் தீட்டிக்கொண்டு எத்தனையோ மாலைகள் நாங்கள் இதை ஆராய்ந்ததுண்டு. வயலின்கள் கூட்டாக எழும் இடத்தில் இராமமூர்த்தியின் கை தெரிவதாக ஒருவர் சொல்வார். அடுத்த அடியிலேயே பல்லவி திடீரென எதிர்பாராத சுரத்தில் இறங்கும். 'இது விசுவநாதன்தான்' என்பார் இன்னொருவர். முடிவில் எவருக்கும் எதுவும் உறுதிப்படாது. இரண்டு ஆறுகள் கலந்த பின்னர் எந்தக் குடத்தில் எந்த ஆற்று நீர் என்று கேட்பதைப் போன்றது அது. பிரித்துச் சொல்ல இயலாதபடி கலந்திருப்பதே அந்த இசையின் சுவை என்பதை நாங்கள் மெல்ல மெல்ல உணர்ந்தோம்.

அவர்களுடைய இசையில் பிறநாட்டுச் சாயல் மிகுதி என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. உண்மைதான். மேலை நடனத் தாளங்களும், இலத்தீன் அமெரிக்கக் கொட்டுகளும், அக்கார்டியனும், போங்கோவும், கிதாரும் அவர்கள் பாடல்களில் தாராளமாக இடம்பெற்றன. ஆயினும் கடன் வாங்குவதில் இரு வகை உண்டு. பிறர் சட்டையை அணிந்து அழகு பார்ப்பது ஒரு வகை. பிறர் தந்த விதையைத் தன் நிலத்தில் ஊன்றி விளைவிப்பது மற்றொரு வகை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கோயிற் பாடல்களிலிருந்து கிளைத்தது 'சோல்' எனப்படும் இசை. அதை வெள்ளை இளைஞர்கள் பாடியபோது 'நீலக்கண் சோல்' என்று பெயரிட்டார்கள். அப்பெயரில் பாராட்டும் இருந்தது, ஏளனமும் இருந்தது. அவ்வாறு பாடியவர்களுள், பிலடெல்பியா நகரில் 1967-இல் சந்தித்துக்கொண்ட டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் என்ற இருவரும் உலகப் புகழ் பெற்றனர். அந்நகரின் கறுப்பினப் பாடகர்களிடம் கற்றதை அவர்கள் மதிப்போடு பாடியதனால் கேட்டவர்கள் நிறம் பார்க்கவில்லை. நம் இணையரும் அவ்வாறே வாங்கியதைத் தமிழ்ச் சொல்லின் அசைக்கும் மூச்சுக்கும் ஏற்பப் பதப்படுத்தினர். கண்ணதாசனின் சொற்கள் அந்தத் தாளங்களில் ஏறியபோது, அவை எங்கிருந்து வந்தவை என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் நம் மக்களுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மேலை இசையின் குறியீட்டை எழுதவும் படிக்கவும் தெரிந்த வாத்தியக்காரர்கள் சென்னைத் திரைக் கூடங்களுக்குத் தேவைப்பட்டபோது கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும் பலர் வந்தனர். உதவியாளராகப் பணியாற்றிய ஹென்றி டேனியல், வயலின் வாசித்துப் பின்னர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராக உயர்ந்த சாமுவேல் ஜோசப் என்னும் சியாம் ஆகியோரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 'பாசமலர்' படத்தின் திருமணப் பாட்டில் தோழியின் குரலாக ஒலித்துத் தமிழகம் முழுதும் அறிமுகமான எல்.ஆர். ஈசுவரியின் பெயரிலும் லூர்து அன்னையின் பெயர் அடங்கியிருக்கின்றது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், பின்னாளில் மாரியம்மன் பாடல்களுக்காக ஊர்தோறும் போற்றப்பட்டார். இசை நம் மண்ணில் எத்தனை வாசல்கள் வழியே நடமாடியது என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அந்தப் பாடல்கள் எங்கள் பகுதிக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கடிவாளம் இட்டார். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் மாறவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒலி கடற்கரை வீடுகளில் தெளிவாகக் கேட்டது. இரவுப் பணிக்குச் செல்பவர் தேநீர்க் கடை வானொலியின் முன் ஒரு பாட்டுக்காகத் தாமதிப்பார். ஆலைச் சங்கு அவரை விரட்டும். இலங்கை அறிவிப்பாளர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. படத்தின் பெயர், பாடியவர், பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர் என ஒன்றும் விடாமல் சொல்லி முடித்த பின்னரே இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள். 'இசை விசுவநாதன் இராமமூர்த்தி' என்று இரு பெயரையும் ஒரே மூச்சில் கேட்டுக் கேட்டு, அது இருவருடைய பெயர் என்பதைக்கூடச் சிறுவர்களாகிய நாங்கள் அன்று அறியவில்லை. ஒரே மனிதரின் நீண்ட பெயர் என்றே எங்களுள் சிலர் எண்ணியிருந்தனர்!

'படகோட்டி' 1964-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. பாடல்கள் அனைத்தையும் வாலி எழுதியிருந்தார். கரைக்கும் கடலுக்கும் இடையே ஊசலாடும் பிழைப்பைச் சொல்லும் பாட்டை டி.எம். சௌந்தரராசன் பாடியபோது காசிமேட்டுக் குடும்பங்கள் அதைத் தங்கள் பாட்டாகவே ஏற்றுக்கொண்டன. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த உரிமை மாறவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இளைஞன் ஒருவன், தன் தந்தை பிறப்பதற்கு முன் வந்த அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வதை நாங்கள் பார்த்திருக்கின்றோம். படம் எடுக்கப்பட்ட இடம் கேரளத்துக் காயல், பாடியவர் மதுரைக்காரர், இசையமைத்தவர்கள் பாலக்காட்டாரும் திருச்சிக்காரரும். ஆயினும் வடசென்னைக் கடல் அதில் இருக்கின்றது என்று அவ்விளைஞன் சொன்னால் மறுப்பவர் யார்?

'பாவமன்னிப்பு' எங்கள் வீடுகளில் வேறொரு காரணத்துக்காகவும் இடம்பிடித்தது. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வழங்கிய சொல்லே படத்தின் பெயராயிற்று. இந்துவாய்ப் பிறந்து இசுலாமியரால் வளர்க்கப்பட்ட இளைஞனும், கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த மேரியும் அதன் மையம். நாகூர் ஹனிபாவும் டி.எம். சௌந்தரராசனும் இணைந்து பாடிய பாட்டு அதில் உண்டு. திருவிழா நாட்களில் தேர் பவனி முடிந்து, இரவில் மெல்லிசைக் குழு மேடை ஏறும்போது, அப்படத்தின் பாட்டு ஒன்றேனும் இல்லாமல் நிகழ்ச்சி நிறைவடையாது.

இத்தகைய இணை 1965-இல் பிரிந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' அவர்கள் சேர்ந்து அளித்த பெரும் படைப்புகளின் வரிசையில் இறுதியாக அமைந்தது. பிரிவுக்கான காரணத்தைப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். இரு குடும்பங்களின் உள்ளறையில் நடந்ததை ஆராய்வது இரசிகரின் வேலையன்று. விளைவுகளை மட்டும் காண்போம். விசுவநாதன் தனியாக நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். 'அன்பே வா', 'உலகம் சுற்றும் வாலிபன்', 'அபூர்வ ராகங்கள்', 'நினைத்தாலே இனிக்கும்' ஆகியவை அவருடைய தனிப் புகழுக்குச் சான்று பகர்வன. 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவரும் அவரே. இராமமூர்த்தியோ தனியாக அமைத்த படங்கள் இருபதை எட்டவில்லை. 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'தங்கச்சுரங்கம்' போன்றவற்றை இன்று நினைப்பவர் சிலரே. திறமையில் குறைவில்லை, காலம் அவரைக் கைவிட்டது.

பிரிவைவிடப் பெரிய இழப்பு அதன் பின்னர் மெல்ல நிகழ்ந்தது. ஒலிநாடாக்களின் காலம் வந்தது. இணையாக அமைத்த பாடல்களும் 'எம்.எஸ்.வி. பாடல்கள்' என்ற அட்டையின் கீழ் விற்பனைக்கு வந்தன. தொலைக்காட்சியில் 1961-ஆம் ஆண்டுப் பாட்டைப் பாடும் இளம் பாடகரிடம் நடுவர் ஒற்றைப் பெயரையே சொன்னார். இன்று கைபேசியில் பாட்டைத் தேடினாலும் பல இடங்களில் அதே நிலைதான். எவரும் பகை கொண்டு செய்ததன்று இது. நீண்ட பெயரைச் சுருக்குவது மனித இயல்பு. சுருக்கும்போது முதலில் விழுவது எப்போதும் இரண்டாம் பெயரே.

இதன் வலியை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் கூட்டத்து முதியவர் ஒருவர். ஒரு மாலை, கல்லூரி மாணவன் ஒருவன் வந்திருந்தான். நல்ல செவி உடையவன். 'பாகப்பிரிவினை' பாட்டு ஒன்று முடிந்ததும் அவன் வெள்ளையாகக் கேட்டான்: "தாத்தா, இராமமூர்த்தி வயலின் வாசிச்சவருதானே? மெட்டுப் போட்டது எம்.எஸ்.வி.தானே? அப்புறம் ஏன் ரெண்டு பேரையும் சொல்றீங்க?"

முதியவர் உடனே விடை கூறவில்லை. ஆலை ஒன்றில் இருபத்தேழு ஆண்டுகள் ஹெல்பராக இருந்தவர் அவர். பிட்டர் ஒருவரோடு தொடங்கி அவரோடேயே ஓய்வு பெற்றார். அழுத்தும் இயந்திரத்தில் விரல் சிக்காமல் இருக்க இருவரும் சேர்ந்து ஒரு தடுப்பை உருவாக்கினார்கள். தேநீர் இடைவேளைகளில் தகரத்தை வெட்டிப் பார்த்து, தவறிப்போய், மீண்டும் வெட்டி, மூன்று மாதத்தில் முடித்தார்கள். நிருவாகம் பாராட்டுச் சான்றிதழ் வழங்கியது. அதில் பிட்டரின் பெயர் மட்டும் இருந்தது. ஹெல்பரின் பெயரை எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

"அன்னிக்குச் சாயந்தரம் அவரு நேரா என் வீட்டுக்கு வந்தாரு, தம்பி," என்றார் முதியவர். "சட்டம் போட்ட சான்றிதழை என் கையில குடுத்தாரு. 'உன் பேரு இல்லாத காகிதத்தை என் வீட்டுச் செவுத்துல மாட்ட முடியாது, நீயே வெச்சுக்கோ'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நானும் மாட்டல. டிரங்குப் பெட்டியில கெடக்குது. யாரு வெட்டினது, யாரு பிடிச்சதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிடிக்காம வெட்ட முடியுமா?"

மாணவன் தலை கவிழ்ந்தான். அடுத்த பாட்டை அறிவிக்கும் பொறுப்பை முதியவர் அவனிடமே கொடுத்தார். இரு பெயரையும் அவன் தெளிவாகச் சொன்னான்.

எங்கள் பகுதியை அறிந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. இங்கே எந்த வேலையும் ஒற்றை ஆளால் நடப்பதில்லை. கட்டுமரத்தில் முன்னே ஒருவர், பின்னே ஒருவர் இல்லாமல் அலையைக் கடக்க முடியாது. பளு தூக்கியை இயக்குபவருக்குக் கீழே நின்று கை காட்டுபவர் வேண்டும். 1829-இல் எழுந்த இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயமே படகு மக்கள் கூடிக் கட்டியது. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? இரண்டாம் ஆளாக உழைத்துப் பெயரின்றி மறைந்தவர்களின் உழைப்பில் எழுந்தது இந்தத் தொழிற்பட்டி. ஆகையால் ஓர் இசை இணையின் இரண்டாம் பெயர் உதிர்வதை எங்களால் வெறும் திரைச் செய்தியாகக் கொள்ள முடியவில்லை.

இணைகளின் கதை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மேலே சொன்ன ஹாலும் ஓட்சும் 1972-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அமெரிக்கப் பாடல் வரிசையில் ஆறு முறை முதலிடம் பெற்றனர். 2014-இல் அந்நாட்டு ராக் இசைப் புகழ் மண்டபத்தில் இருவர் பெயரும் சேர்ந்தே பொறிக்கப்பட்டது. பெரும்பாலான பாடல்களில் முதற்குரல் ஹாலுடையது. ஓட்ஸ் பக்கத்தில் நின்றவராகவே பலர் கண்ணுக்குப் பட்டார். 2023-இல், கூட்டு நிறுவனத்தில் தமக்குரிய பங்கை ஓட்ஸ் விற்க முற்பட்டபோது, அதைத் தடுக்க ஹால் நீதிமன்றம் சென்றார். அரை நூற்றாண்டு நட்பு வழக்குக் கட்டுகளுக்குள் போயிற்று. ஆயினும் அவர்களுடைய இரசிகர்கள் பழைய பாடல்களை இரு பெயராலேயே இன்றும் கொண்டாடுகின்றனர். இதற்கு மாறான காட்சியை இந்தித் திரையுலகம் கண்டது. 1971-இல் ஜெய்கிஷன் மறைந்த பின்னும், சங்கர் தாம் தனியாக அமைத்த இசைக்கும் 'சங்கர் – ஜெய்கிஷன்' என்றே பெயரிட்டு வந்தார். இறந்த தோழருக்கு ஒவ்வொரு படத்திலும் அவர் பங்கு கொடுத்தார்.

நம் ஊரின் பெயரும் இதை ஒட்டிய ஒன்றை நினைவூட்டுகின்றது. இராயப்பரும் சின்னப்பரும் குணத்தாலும் பயிற்சியாலும் வேறுபட்டவர்கள். ஒருவர் மீனவர், மற்றவர் மறைநூல் கற்றவர். அந்தியோக்கியாவில் சின்னப்பர் இராயப்பரை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியதை அவரே தம் திருமுகத்தில் எழுதி வைத்துள்ளார். அந்த மோதலைத் திருச்சபை மறைக்கவில்லை. ஆயினும் சூன் 29-ஆம் நாளை இருவருக்கும் ஒரே திருநாளாக வைத்தது. வாழும் காலத்தில் முரண்பட்டவர்களையும் அவர்களது பணியை நினைப்பவர்கள் சேர்த்தே நினைக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் உண்டோ? மேதைகள் தங்களுக்குள் காக்க இயலாத ஒன்றை, அவர்களை நேசிப்பவர்கள் காக்க முடியும்.

மெல்லிசை மன்னர்கள் மீண்டும் ஒருமுறை இணைந்தார்கள். முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின், 1995-இல் வெளிவந்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் அந்தச் சிறு கோடு மறுபடியும் திரையில் தோன்றியது. அதன் பாடல்கள் பழையவற்றின் இடத்தைப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் திரையரங்குக்குப் போனது அந்தப் பெயர்ப் பட்டியலைக் காணத்தான். 2012 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் அழைத்து, 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும், ஆளுக்கு 60 பொற்காசுகளும் ஒரு மகிழுந்தும் வழங்கினார். பரிசு இருவருக்கும் சரிநிகராக இருந்தது எங்களை நெகிழச் செய்தது. அடுத்த ஆண்டு, 2013 ஏப்ரல் 17 அன்று, இராமமூர்த்தி தம் 90-ஆம் வயதில் மறைந்தார். 2015 சூலை 14 அன்று விசுவநாதனும் விடைபெற்றார். பத்ம விருது இருவரில் எவருக்கும் கிட்டவில்லை. அந்த ஒன்றிலும் இருவரும் இணையாகவே இருந்துவிட்டனர்!

ஒரு பாட்டை நேசிப்பது என்றால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பது மட்டுமன்று. அதைச் செய்தவர்கள் அனைவருக்கும் உரியதைக் கொடுப்பதும் அந்த நேசத்தில் அடங்கும். எங்கள் மாடிக் கூட்டத்தில் இப்போது ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர், பழைய இலங்கை வானொலியைப்போல, ஒருவர் எழுந்து பெயர்களைச் சொல்ல வேண்டும். இயற்றியவர், பாடியவர், இசையமைத்த இருவர். தெரிந்தவரையில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தியைப் போன்ற வாத்தியக்காரர்கள். சில வேளைகளில் பட்டியல் நீளும்; இளைஞர்கள் பொறுமை இழப்பார்கள். முதியவர் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதைப் படிக்கும் அன்பர்களிடமும் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் பங்கின் திருவிழா மேடையிலோ, உறவினர் திருமணத்திலோ மெல்லிசைக் குழுவினர் 'பாசமலர்' பாட்டை எடுத்தால், அறிவிப்பாளரிடம் சென்று இரண்டு பெயரையும் சொல்லுமாறு கேளுங்கள். மறுக்கமாட்டார். அவர் சொல்லி முடிக்க ஆகும் கூடுதல் நேரம் ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி டி.கே. இராமமூர்த்திக்கு நாம் இன்னும் கொடுக்க வேண்டிய கடன்.